இடப்பக்கத்துச் சத்தம்

ஏறுங்க தம்பி, ஏறுங்க. மழை பிடிக்கிறதுக்குள்ள கதவைச் சாத்துங்க. அப்படிச் சாத்தினா சாத்தாது. கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு ஓங்கி அடிக்கணும். ஆங், அவ்வளவுதான்.

கதவோரமா ஒட்டி உக்காருங்க. என் பக்கம் நகர வேணாம், எனக்கு இடம் போதும். பையைக் கீழே வைக்காதீங்க, மடியிலயே இருக்கட்டும். நல்ல கனமா இருக்கும்போல? செல்போன் டவர் வேலைச் சாமானா? நல்லது, நல்லது. இருக்கட்டும்.

அந்த டீக்கடைச் சுருளி உங்களைப் பாத்துக் கையை ஆட்டுனானே, போயிட்டு வாங்கன்னு ஆட்டுனான்னு நினைச்சீங்களா? ஏறாதேன்னு ஆட்டுறான். எனக்குத் தெரியாதா? வெளியூர்க்காரங்க யாரு என் வண்டியில ஏறினாலும் கையை ஆட்டுவான். ஊர்க்காரன் எவனும் ஏறுறதில்லைன்னு வைங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு நிப்பானே தவிர ஏற மாட்டான். முன்சக்கரம் கழண்டுரும்னு ஒரு பேச்சு. வெள்ளையப்பன் வண்டி என்னிக்காவது ஒரு நாள் பள்ளத்துக்குள்ள போகும்னு ஒரு பேச்சு. நான் என்ன கேக்குறேன்னா, கழண்டுச்சா? இந்தா ஓடிக்கிட்டுதானே இருக்கு? பின்னால சௌசௌ மூட்டை அப்படியே அடுக்குக் குலையாம வருதா இல்லையா?

நீங்களே சொல்லுங்க, ஏதாவது சத்தம் கேக்குதா?

கேக்காது. நீங்க இருக்கீங்கல்ல.

சொல்றேன், கேளுங்க. கீழே வத்தலக்குண்டு போற வரைக்கும் பேச்சு வேணுமில்ல. எனக்குப் படிப்பு கிடையாது தம்பி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அம்புட்டுத்தான். ஆனா காது இருக்கு பாருங்க, இந்தக் காது, இதுக்கு இந்த மலை பூரா மரியாதை. வண்டிச் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிப்புடுவேன். ஒரு தடவை சௌசௌப் பந்தல்ல காய் பறிச்சுக்கிட்டு நிக்கிறேன், கீழ ரோட்டுல ஒரு ஜீப்பு போகுது, ஆளையும் பாக்கலை வண்டியையும் பாக்கலை. "பின்னாடி வலதுபக்கம் கமான் பட்டை ஒண்ணு உடைஞ்சிருக்கு, போய்ச் சொல்லுங்கடா"ன்னேன். போய்க் குனிஞ்சு பாத்தா, வில்லு மாதிரி வளைஞ்ச அந்த இரும்புப் பட்டையில நடுவுல கோடு விட்டிருக்கு. அந்த ஜீப்புக்காரரு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் எவன் வண்டியில என்ன சத்தம்னாலும் "வெள்ளையப்பண்ணன் காதுல போடு"ம்பான்.

அப்படிப்பட்டவன் வண்டியில ஒரு சத்தம் வருது. எப்படி இருக்கும் எனக்கு?

போன ஐப்பசி அடைமழையில ரோடு அங்கங்க வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்துச்சு. அப்பத்தான் ஆரம்பிச்சது. காயை இறக்கிட்டு வெறும் வண்டியா தனியா ஏறி வர்றேன். இடப்பக்கம் முன்னாடி, டொக். அம்புட்டுத்தான். கடகடன்னு வந்தா ஏதோ லூசாக் கிடக்குதும்பேன். கிரீச்சுன்னா கிரீஸ் இல்லைம்பேன். இது அப்படி இல்லை. வீட்டுக்குள்ள யாரோ இருந்துக்கிட்டு, கதவை ஒரு தட்டு தட்டிட்டுப் பேசாம இருந்தா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. டொக். அப்புறம் கொஞ்ச தூரம் ஒண்ணும் இருக்காது. பள்ளம் வந்தா டொக். பிரேக் பிடிச்சா டொக். திரும்பினா டொக்.

ஜாக்கியைத் துணி சுத்திக் கட்டினேன். ஸ்டெப்னியை இறுக்கினேன். கமான் பட்டைக்கெல்லாம் கிரீஸ் அடிச்சேன். போல்ட்டு போல்ட்டா ஸ்பானர் போட்டேன். டொக்.

சரின்னு கீழ கொண்டுபோனேன். மெக்கானிக்கு என்ன செய்வாரு? "வாங்கண்ணே ஒரு ரவுண்டு போலாம்"னு பக்கத்துல ஏறி உக்காருவாரு. அந்த இடத்துல, நீங்க இருக்குற இடத்துலதான். ஓட்டுவேன். பள்ளத்துல விடுவேன், மேட்டுல ஏத்துவேன், சடார்னு பிரேக் அடிப்பேன். ஒண்ணும் வராது! ஊமையாயிரும் வண்டி. "எங்கண்ணே சத்தம்?"ன்னு கேப்பாரு. இறங்கிப் போயிருவாரு. நான் தனியா மலையேறுவேன். முதல் வளைவுலயே டொக். எனக்கு எப்படி இருக்கும்? என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

இப்படியே ஒரு பட்டறை விட்டு இன்னொரு பட்டறை. ஷாக் அப்சார்பரை மாத்துனாங்க. ரப்பர் புஷ்ஷெல்லாம் மாத்துனாங்க. ஒருத்தர் என்னையே ஒரு மாதிரிப் பாத்துட்டு, "அண்ணே, ராத்திரி தூக்கம் வருதா?"ன்னு கேட்டாரு.

வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்கம்மான்னு பேரு. "நீ வந்து கேட்டுச் சொல்லு, எனக்குச் சாட்சி வேணும்"னேன். வந்தா. உக்காந்தா. மலை இறங்கி ஏறினோம். ஒரு முணுமுணுப்பு? கிடையாது. "ஏய்யா, சத்தம் வண்டியில இல்ல, உங்க காதுல"ன்னுட்டா. அத்தோட விட்டாளா? ஊர்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டா. "எங்க வீட்டுக்காரருக்குக் காதுக்குள்ள டொக்கு டொக்குங்குதாம்"னு குழாயடியில சொல்லிச் சிரிச்சிருக்கா. எந்தக் காதுக்கு மலை பூரா மரியாதையோ, அந்தக் காது! பிடிச்ச பிடியாக் காது டாக்டர்கிட்ட வேற கூட்டிட்டுப் போனா. அவரு மிஷின் வச்சுப் பாத்துட்டு, "இந்த வயசுக்கு இப்படி ஒரு காதா"ன்னாரு. அங்கம்மா மூஞ்சியைப் பாக்கணுமே. அப்பயும் நம்பலை. "அவருக்கு என்ன தெரியும், அவரு காதைத்தானே பாத்தாரு"ங்குறா.

இந்தா, வளைவு வருது. கதவுப் பக்கமாச் சாஞ்சுக்கங்க. இன்னும் கொஞ்சம். ஆங். பாத்தீங்களா, எவ்வளவு சுகமாத் திரும்புது.

அப்புறம்தான் கமால் பாய் பட்டறைக்குப் போனேன். பெரிய கை, நான் இல்லைங்கலை. மத்தவங்க மாதிரிப் பக்கத்துல உக்காந்தாரு, ஒரு ரவுண்டு வந்தாரு, ஒண்ணும் வரலை. ஆனா இறங்கிப் போகலை. "அண்ணே, எப்ப வருது?"ன்னு கேட்டாரு. தனியா வரும்போது பாய்ன்னேன். தாடியைத் தடவினாரு. அப்புறம் இறங்கிப் போய் பட்டறைக்கு முன்னால வேகத்தடைக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்துக்கிட்டு, "இப்பத் தனியா ஏத்தி இறக்குங்க"ன்னாரு.

ஏத்தி இறக்கினேன். டொக்.

கையைத் தூக்கிட்டாரு. தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இன்னொரு மனுசன் காதுல விழுந்துருச்சுல்ல!

ஜாக்கி போட்டு முன்னால தூக்கினாரு. இடது சக்கரத்துக்கு அடியில கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாரு. சக்கரம் அசையுது. மேலயும் கீழயும், டொக்கு டொக்குன்னு. "அண்ணே, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற உருண்டை இது. கிண்ணத்துக்குள்ள உருண்டை. தேஞ்சுபோச்சு. ஆளு உக்காந்தா கனம் அழுத்திப் பிடிச்சுக்குது, சத்தம் அமுங்கிருது. சத்தம் அமுங்கினா சரியாயிருச்சுன்னு நினைச்சுராதீங்க. ஒரு நாள் உருண்டை வெளிய வந்துரும், சக்கரம் உள்பக்கமா மடங்கிப் படுத்துரும். வண்டியை இங்கயே விட்டுட்டு பஸ்ஸுல போங்க. சாமான் மதுரையில இருந்து வரணும்"னாரு.

"பந்தல்ல காய் தொங்குது பாய்"ன்னேன்.

"காய் தொங்கட்டும், நீங்க தொங்காதீங்க"ன்னாரு.

நான் சொன்னேன், "பாய், நான் கேட்டது இரும்புச் சத்தம் இல்லை, கட்டைச் சத்தம். கேபினுக்கு அடியில ரப்பர் இருக்குல்ல, அது செத்துப்போச்சு. அதான் ஆளு உக்காந்தா கேபின் அழுந்தி உக்காந்துக்குது, சத்தம் நிக்குது." யோசிச்சுப் பாருங்க தம்பி, ஞாயம்தானே? ஆளு எங்க உக்காருறான்? கேபின்லயா சக்கரத்துலயா? பாய் சிரிச்சாரு. பட்டறையில இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. எவனோ ஒருத்தன், "அண்ணன் காதுக்கு முன்னாடி கடப்பாரை எம்மாத்திரம்"னான்.

சிரிச்சிருக்க வேணாம். அன்னிக்கு அவங்க சிரிக்காம இருந்திருந்தா வண்டியை விட்டுட்டு வந்தாலும் வந்திருப்பேன். நான் பாட்டுக்கு ஏறி வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பாய் ரோடு வரைக்கும் ஓடி வந்தாரு, கண்ணாடியில பாத்தேன். நிறுத்தலை.

வீட்டுக்கு வந்து பழைய லாரி டயரை வெட்டி, நல்ல தடிமனா ரெண்டு துண்டு, கேபினுக்கு அடியில இடப்பக்கம் சொருகி இறுக்கினேன். என் கையால செஞ்ச வேலை. நீங்க உக்காந்திருக்குறதுக்கு நேர் கீழதான் இருக்கு. தனியா ஓட்டிப் பாத்தேன். டொக்.

யோசிச்சேன். ஏன்? டயர் துண்டு புதுசு, இன்னும் படியலை. படியணும்னா என்ன வேணும்? மேல கனம் இருந்துக்கிட்டே இருக்கணும். ஆளு உக்காந்து உக்காந்துதான் அது படியும். படிஞ்சிருச்சுன்னா அப்புறம் யாரும் வேணாம். இதுக்கு என்னத்துக்கு மதுரைச் சாமான்?

சௌசௌ மூட்டையைத்தான் முதல்ல வச்சுப் பாத்தேன். வளைவுல சரிஞ்சு கியர் கம்பி மேல விழுந்துருச்சு. மூட்டைக்கு என்ன தெரியும்? மனுசன்னா வளைவுக்குத் தகுந்தாப்புல சாஞ்சுக்குவான்.

அதான் அங்கம்மாவைக் கூட்டிக்கிட்டேன்.

நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. பொய் சொல்லக் கூடாது. தினமும் ரெண்டு பேரும் இறங்குவோம், காயைப் போடுவோம், சந்தைக்கு எதுத்தாப்புல பரோட்டா சாப்பிடுவோம். தலைக்குப் பூ வாங்கி வச்சுக்குவா. ஊர்ல பொம்பளைங்க, "என்ன அங்கம்மா, இந்த வயசுல ஜோடி போட்டுக்கிட்டுத் திரியுறீங்க"ன்னு கேலி பண்ணுவாங்க. அவளுக்கு அதுல ஒரு பெருமை. போன தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டு விடிஞ்சதும் வாசல்ல நிப்பா. சத்தமும் கிடையாது. நானும் எதுக்குன்னு சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? அவ வர்றா, ரப்பர் படியுது.

அந்தா, தடுப்புச் சுவர் ஒரு இடத்துல உடைஞ்சு செங்கல் தெரியுதே, அந்த இடம்தான். மார்கழியில. மூடுபனி. இல்லை, எட்டிப் பாக்காதீங்க, பாத்தா தலை சுத்தும். உள்ள உக்காருங்க.

எதுத்தாப்புல ஒரு பஸ்ஸு. பிரேக்கை மிதிச்சேன். ஸ்டீரிங்கு என் கையை மீறி இடதுபக்கமா இழுத்துச்சு. ரோட்டுல சேறு, வேறென்ன? சேத்துல எந்த வண்டியும் இழுக்கத்தான் செய்யும். "சாஞ்சுக்க, கதவுப் பக்கம் சாஞ்சுக்க"ன்னு கத்துறேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? பயந்துபோயி என் தோளைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் சாஞ்சுட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாலு பேரு பாக்க என்னைத் தொட்டதில்லை. அன்னிக்குத் தொடணுமா? இடப்பக்கம் கனம் போச்சு. டொக்குனு ஒரு சத்தம். அதை அவ கேட்டிருக்கணும், ஆனா அலறிக்கிட்டு இருந்தா. கதவோட போய்ச் சுவர்ல உரசிருச்சு. கதவு உள்ள நசுங்கி அவ முழங்காலைப் பிடிச்சுக்கிச்சு.

அதான் கதவு தூக்கிச் சாத்தணும்னேன்.

நான் சொன்னபடி கேட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. இதை ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். என் மருமகன் தவமணி, கீழ சிலிண்டர் கம்பெனியில இருக்காரு, அமைதியான ஆளு. கமால் பாய்கிட்டப் போய் விசாரிச்சிட்டு வந்து, "மாமா, தெரிஞ்சேதான் அத்தையை அங்க உக்கார வச்சீங்களா?"ன்னு கேட்டாரு. நான் டயர் துண்டு விஷயத்தை விளக்கமாச் சொன்னேன் மாப்பிள்ளைக்கு. பாதியில எந்திருச்சுப் போயிட்டாரு. மரியாதை தெரியாத பையன் இல்லை, ஏன்னு தெரியலை.

அங்கம்மா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டுச் சொன்னா, "ஆசையாக் கூட்டிட்டுப் போறீங்கன்னு இருந்தேன். மூட்டைக்குப் பதிலா வச்சிருக்கீங்க." நான் சொன்னேன், "அடி கிறுக்கி, மூட்டையை வச்சாக்கூட நிக்கலைடி, நீ இருந்தாத்தான் நிக்குது." இதைவிட ஒரு பொண்டாட்டியைப் பத்தி என்ன பெருமையாச் சொல்ல முடியும்? மக வீட்டுக்குப் போனவ இன்னும் மலையேறலை.

இன்னிக்குக் கூட்டியாரத்தான் போறேன். கால் ஊண்டி நடக்குறாளாம். இதே வண்டியிலதான். அவளுக்குன்னு இந்த சீட்டுக்கு மெத்தை வாங்கி வச்சிருக்கேன், பின்னால மூட்டைக்கு நடுவுல பத்திரமா இருக்கு. என்ன தம்பி, வேர்க்குதா? கண்ணாடியை இறக்கிக்கங்க. கைப்பிடியை அப்படி இறுக்கிப் பிடிக்க வேணாம்.

நிறுத்தணுமா? இங்க நிறுத்த முடியாது, இறக்கம். சும்மா சும்மா பிரேக் பிடிக்கக் கூடாது, பிரேக்தான் அதுக்கு ஆகாது. கருப்பசாமி கோயில் வரட்டும். அங்க எல்லா வண்டியும் நிக்கும். சக்கரத்துக்குத் தண்ணி ஊத்தி, திருநீறு பூசிக்கிட்டுத்தான் பெரிய இறக்கத்துல இறங்குறது. அது இங்க வழக்கம்.

இந்தா வந்துருச்சு. நீங்க இறங்காதீங்க, நானே உங்களுக்கும் திருநீறு கொண்டாறேன்.

தம்பி! எங்க போறீங்க? பையை எதுக்கு எடுத்தீங்க? நடந்தா? நடந்து எப்பப் போய்ச் சேருவீங்க, மழை வருது. கோவிச்சுக்கிட்டீங்களா? நான் ஏதும் தப்பாப் பேசலையே. காசா கேட்டேன்? ஏறுங்க தம்பி. இந்தப் பெரிய இறக்கத்துலதான் ஆளு வேணும். சரி, ஏற வேணாம். நான் மெதுவா வண்டியை உங்க பக்கத்துலயே உருட்டிக்கிட்டு வர்றேன். பேசிக்கிட்டே போவோம்.

இருங்க.

கேட்டீங்களா?

இப்பக் கேட்டீங்களா, டொக்குனு? நீங்க திரும்பிப் பாத்தீங்க! கேட்டுத்தானே பாத்தீங்க? ஐயா, சாமி, கேட்டுருச்சு உங்களுக்கு! நல்லா இருப்பீங்க. என் காதுல இல்லைல்ல? வண்டியிலதானே வந்துச்சு? இதைச் சொல்லணும், அங்கம்மாகிட்ட இதை நீங்க உங்க வாயால சொல்லணும். இருங்க, இங்க போன் எடுக்கும்.

ஹலோ. ஏ அங்கம்மா, நான்தான். கருப்பசாமி கோயில் கிட்ட நிக்கிறேன். இங்க ஒரு டவர் தம்பி, அவருக்கும் கேட்டுருச்சுடி! வண்டியிலதான். என் காதுல இல்லை. ஆமா, தனியாத்தான். அவரு இறங்கிட்டாரு. என்னது? நம்புறியா?

நம்புறாளாம் தம்பி. நம்புறேன், நம்புறேன், வண்டியை அங்கயே போட்டுட்டு பஸ்ஸுல வாங்கங்குறா. அழுகுறா. பாருங்க, கேக்காமயே நம்புறாளாம். என் காதைப் பத்திக் குழாயடியில அம்புட்டுப் பேசினவ, இப்பக் கேக்காமயே நம்புறாளாம். சும்மா என்னைச் சமாதானப்படுத்துறா. அவ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை தம்பி. அவ உக்காந்தா அது வராது, எப்படிக் கேப்பா? இன்னிக்குக் கேக்கட்டும்.

இந்தாங்க, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், போனைப் பிடிங்க. ரோட்டுப் பக்கமாக் கையை நீட்டிப் பிடிங்க. நான் மேல இருந்து கொஞ்சம் வேகமா விட்டு, அந்தா அந்த வளைவுல, தண்ணி ஓடி அரிச்சு வச்ச பள்ளம் தெரியுதுல்ல, அதுல இறக்கி ஒரு பிரேக் பிடிக்கிறேன். நல்லா பலமா வரும். என்ன தம்பி, விடுங்க, கதவை விடுங்க. கையை விடுங்க தம்பி, ஒரு நிமிசம்தான். அவளும் வேணாம் வேணாம்னு கத்துறா, நீங்களும் கத்தினா எப்படி? ரெண்டு பேரும் கத்தினா எதைக் கேக்குறது?

நல்லா நீட்டிப் பிடிங்க.

அங்கம்மா, கத்தாத. கொஞ்ச நேரம் பேசாம இரு. பேசாம இருந்து கேளு, இப்ப வரும்.